கை ஓய்ந்த காலம்

ஓர் ஊர்தி விலைபோயிற்று. பொருள் கைம்மாறியது, பதிவேட்டில் பெயர் மாறியது, திறவுகோல் இடம் மாறியது. கொண்டவரிடத்தும் வஞ்சனை இல்லை, கொடுத்தவரிடத்தும் வஞ்சனை இல்லை. ஆயினும் கவென்ட்ரி நகரின் சிறு தெருவொன்றில், செங்கற்சுவர்க் கொட்டகை ஒன்றின் வாயிலில், துயர் வந்து நின்றது. இரும்புக்காக அன்று இத்துயர், இரும்பு இருக்கும். வண்ணத்துக்காக அன்று, வண்ணம் மங்கினால் மீண்டும் பூசலாம். செய்தவன் கையும் காத்தவன் கையும், ஒன்றையொன்று ஒருநாளும் காணாமலே, ஒன்றையொன்று அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தின் கை ஓய்ந்தது. அதற்கே இப்புலம்பல். சான்றாக நிற்க வல்லீர், வந்து நில்லுங்கள்.

கையால் உயர்ந்த நகர் கவென்ட்ரி. பட்டு நாடா நெய்த கை அங்கு இருந்தது. 1860-இல் பிரெஞ்சுப் பட்டின்மேல் இருந்த தீர்வை நீங்கியபோது தறிகள் நின்றன, நெய்த கை ஓய்ந்தது. கடிகாரத்தின் நுண்சக்கரம் கடைந்த கை இருந்தது. அயல்நாட்டுக் கடிகாரங்கள் மலிவாய் வந்து குவிந்தபோது கடைந்த கையும் ஓய்ந்தது. ஆயினும் ஒரு கை ஓய்ந்த இடத்தில் மறு கை எழுந்த காலம் அது. தையல் எந்திரம் செய்தவர் மிதிவண்டி செய்யக் கற்றனர். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலி பின்சக்கரத்தை ஈர்க்கும் ரோவர் மிதிவண்டியை அமைத்தார், உலகம் இன்றும் மிதிப்பது அவ்வடிவையே. நியூரம்பர்க்கிலிருந்து வந்த சீக்ஃப்ரீட் பெட்மன் ட்ரையம்ஃப் என்னும் பெயரை நாட்டினார். 1903-இல் ரெஜினால்ட் மாட்ஸ்லே ஸ்டாண்டர்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தறியின் பொறுமையும் கடிகாரத்தின் நுட்பமும் மிதிவண்டியின் எளிமையும் ஒரே ஊரில் மூன்று தலைமுறையாய்ச் சேர்ந்து ஊறி, நான்காம் தலைமுறையில் ஊர்தியாய் உருண்டன.

1940 நவம்பர் 14-ஆம் நாள் இரவு வானம் நெருப்பைப் பொழிந்தது. பேராலயம் கூரையிழந்தது, ட்ரையம்ஃபின் தொழிற்கூடம் சாம்பலாயிற்று, வீதிகள் வீதியென அறியாவாறு சிதைந்தன. ஆயினும் கை ஓயவில்லை. போரின் இறுதியில் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. நகரின் மேற்கே கேன்லி ஆலையில் உலைகளும் அச்சுகளும் மீண்டும் முழங்கின. 1962 மே மாதம், இடிந்த பேராலயத்தின் அருகே புதிய பேராலயம் இறைவனுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், கேன்லியில் பிறந்த சிற்றூர்தி ஒன்று, வானைக் காத்த போர்விமானத்தின் பெயரைச் சூடி, ஸ்பிட்ஃபயர் என லண்டன் கண்காட்சியில் வந்து நின்றது. இடிந்ததை இடிந்தவாறே நிறுத்தி, அதன் அருகிலேயே புதியதை எழுப்பத் தெரிந்த நகரின் பெருமிதக் காலம் அது.

அவ்வூர்தியின் பிறப்பு ஒரு முடையில் தொடங்கிற்று. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனம் விலைக்குக் கொண்டது. முழு உடலையும் ஒரே கூடாக அழுத்தித் தருவார் இல்லை. ஆதலால் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுக்குப் பழைய முறையில் தனி அடிச்சட்டம் வைத்தனர். வெவ்வேறு பட்டறைகளில் செய்த பகுதிகளை அதன்மேல் திருகாணியால் பூட்டினர். டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு வடிவு தந்தார். அவ்வடிச்சட்டத்தையே குறுக்கி, இருவர் மட்டும் அமரும் திறந்த ஊர்தி ஒன்றையும் அவர் வரைந்தார். நிறுவனத்தின் கருவூலம் வறண்டபோது அம்மாதிரி ஆலையின் மூலையில் தூசுத்துணி போர்த்தப்பட்டுக் கிடந்தது. 1961-இல் லேலண்டு நிறுவனம் ஆலையைக் கைக்கொண்டது. புதியோர் வந்தனர், துணியை விலக்கினர், வடிவைக் கண்டனர், செய்க என்றனர்.

முடை தந்த வரம் அது. ஒன்றாய் அடிக்க இயலாமையால் பிரித்துச் செய்தனர். பிரித்துச் செய்தமையால் பிரித்துப் பழுதுபார்க்கவும் இடம் இருந்தது. முகப்பும் சக்கரக் காப்பும் விளக்கும் ஒருங்கே சேர்ந்த அதன் பானட், முன்னோக்கி முழுவதுமாய் மலர்ந்து திறக்கும். திறந்தபின் எந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையே திரை ஏதும் இல்லை. முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து, எந்திரத்தின் எப்பக்கத்தையும் எட்டலாம். எட்டாத திருகாணி ஒன்றில்லை. கழலாத மூடி ஒன்றில்லை. கையை மறுக்கும் பூட்டு ஒன்றில்லை. பந்தய வீரம் இல்லாத ஊர்தியும் அன்று: 1965-இல் லெ மான் நகரின் இருபத்து நான்கு மணிநேர ஓட்டத்தில் இரண்டு ஸ்பிட்ஃபயர்கள் தம் வகுப்பில் முதலிடமும் இரண்டாமிடமும் கொண்டன. ஆயினும் அதன் பெருமை வேகத்தில் இல்லை. உடையவன் தன்னைத் திறப்பான், திறந்தால் அறிவான், அறிந்தால் காப்பான் என்று நம்பிச் செய்யப்பட்டதே அதன் பெருமை. அந்த நம்பிக்கையின் பெயரே அக்காலம்.

அந்நம்பிக்கை கடலும் கடந்தது. பிரித்து அனுப்பவும் சேர்த்துப் பூட்டவும் இயன்ற வடிவமாதலால், ஸ்பிட்ஃபயரின் மூத்த உடன்பிறப்பான ஹெரால்டு மதராசை அடைந்தது. 1961 தொடங்கி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில், வண்டலூர் ஆலையிலிருந்து நம் சாலைகளுக்கு வந்தது. கவென்ட்ரி அறியாத நான்கு கதவு ஹெரால்டை மதராஸ் செய்து ஓட்டியது. முன்னோக்கி மலரும் அதே பானட்டைப் புளியமரத்து நிழலில் திறந்துவைத்து, நூல் படியாமலே எந்திரம் படித்த கைகள் எத்தனை! கரி படிந்த நகமும் எண்ணெய் ஊறிய ரேகையுமாய், கேன்லியின் கணக்கைக் காதாலேயே கற்ற கைகள் எத்தனை! 1980-களின் இறுதியில் அவ்வாலையின் கதவும் மூடியது, அக்கைகளும் ஓய்ந்தன. அங்கு ஹெரால்டின் பானட் திறக்கக் கண்டு வளர்ந்த என் கண்தான், ஈரம் படிந்த இந்நாட்டில், ஸ்பிட்ஃபயரின் பானட் திறந்தபோது உறவு கண்டது.

விலைபோனது அக்குலத்தில் ஒன்று: 1968-இல் கேன்லியில் பிறந்த ஸ்பிட்ஃபயரின் மூன்றாம் பதிப்பு. 1,296 கன சென்டிமீட்டர் எந்திரம், 75 குதிரைத்திறன், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், மரத்தகடு பதித்த முகப்பலகை, அதன் நடுவே வேகமானி. கொட்டகைக்கு அது வந்தபோது மேனி மின்னிற்று, அடிவயிறு அழிந்திருந்தது. பனியை உருக்கக் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, கதவுகளின் கீழே நீளும் உள்ளீடற்ற இரும்புப் பெட்டிகளை உள்ளிருந்தே தின்றிருந்தது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியபோது அதன் பக்கச் சட்டங்களையும் நீக்கிவிட்டமையால், இப்பெட்டிகளே ஸ்பிட்ஃபயரின் விலா எலும்பு. அவற்றை அவசரத்தில் அறுப்பவன் ஊர்தியை நடுவே மடிப்பான். கதவின் இடைவெளிக்குக் குறுக்குத்தாங்கல் கொடுத்து, உடலை நிலைநிறுத்தி, மூன்று தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு பற்றின் பின்னும் கதவை மூடிப் பார்த்து, மூடிய கதவின் விளிம்பு நேர்கோடாய் நிற்கும்வரை பொறுத்தது கை. அந்நாள்களில் அக்கை ஓயவில்லை.

நூலில் இருந்தும் நூலால் மட்டும் வராத அறிவு சில உண்டு. முன்சக்கரத் தூணின் அடியில் பித்தளை மரை ஒன்று உண்டு, ட்ரனியன் என்பர். அதற்கு ஊட்ட வேண்டியது கெட்டியான கியர் எண்ணெய்; கிரீஸ் அன்று. கிரீஸ் ஊட்டியவன் ஊர்தி சில ஆண்டுகள் ஓடும்; பின் ஒருநாள், ஒரு திருப்பத்தில், முழந்தாளிட்டு வீழும். கிளட்ச் மிதியை ஒருவர் அழுத்த, எந்திரத்தின் முன்புறக் கப்பி முன்னும் பின்னும் அசைகிறதா என மற்றொருவர் குனிந்து நோக்க வேண்டும். அசைவு மிகுந்தால் உள்ளே பிறைவடிவத் தகடுகள் தேய்ந்தன என்று பொருள், ஓட்டம் நிறுத்துக என்று ஆணை. கார்புரேட்டர்களின் குவிமாடத்துள் சிறிதளவு எண்ணெய் நிற்க வேண்டும். அது வற்றினால் எந்திரம் வேகமெடுக்கும்போது தடுமாறும். 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் பொதுவிற்பனையிலிருந்து நீங்கிற்று. மக்கள் மூச்சுக்கு நன்மையே நேர்ந்தது. ஆயினும் அதுகாறும் வால்வின் இருக்கையைத் தேயாமல் காத்தது அவ்வீயமே. அது நீங்கியபின் கடினமான வளையங்களைப் பதித்து எந்திரத்தின் தலையை மீட்க வேண்டியதாயிற்று. இவையெல்லாம் சொல்லால் அறியத்தக்கன. கையால் மட்டுமே ஆகத்தக்கன.

சொல்லித்தந்த கை ஒன்று இருந்தது. கேன்லியின் தொகுப்பு வரிசையில் இளமை கழித்த முதியவர் ஒருவர், தம் ஆலை தரைமட்டமான பின்னும், ஆலை செய்ததைக் காண்பதற்காகக் கொட்டகைக்கு வந்தார். தாழ்ந்த குரலில் ஓடும் எந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, எந்த வால்வு இறுகிற்று, எந்த வால்வு தளர்ந்தது என்று சொன்னார். திருகாணி முறுக்கும்போது கருவி சொல்லும் எண்ணுக்கு முன்னமே அவர் மணிக்கட்டு நின்றது. அந்த மணிக்கட்டில் ஒரு நகரத்தின் கல்வி இருந்தது. அவர் மறைந்தார்; அறிந்த கை ஓய்ந்தது. முன்கம்பிக்கு வெள்ளொளி ஏற்றிய முலாம் பட்டறை மூடிற்று. மெருகிட்ட கை ஓய்ந்தது. இருக்கைக்குத் தோலும் மேற்கூரைக்குத் துணியும் தைத்தவர் ஊசியை வைத்துவிட்டார். தைத்த கை ஓய்ந்தது. ஒவ்வொருவர் போனபோதும் ஒரு கதவு அடைபட்டது. பாகங்கள் குறையவில்லை, ட்ரனியனும் தகடும் கம்பியும் துணியும் இன்றும் அஞ்சலில் வரும். பாகம் வரும், பூட்டும் கை வாராது.

ஓய்வின் ஆண்டு 1980. அவ்வாண்டு ஜனவரியில் மிக்கெலோட்டி மறைந்தார். வடிவு தந்த கை ஓய்ந்தது. ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர் கேன்லியின் வரிசையிலிருந்து இறங்கிற்று. பூட்டிய கைகள் ஓய்ந்தன. பதினெட்டு ஆண்டுகளில் 3,14,000-க்கும் மேற்பட்ட ஊர்திகளை உலகுக்கு ஈந்த வரிசை, மறுநாள் எவருக்கும் எதுவும் ஈயாமல் கிடந்தது. மஞ்சள் வண்ணம் பூண்ட அக்கடைசி ஊர்தி எவருக்கும் விற்கப்படவில்லை; கேடன் ஊரின் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. விற்கப்படாததால் அது சாலையை அறியாது. சாலையை அறியாததால் பழுதை அறியாது. பழுதை அறியாததால் கையை அறியாது. இறவாமை பெற்றது அது, வாழ்வு பெறவில்லை.

கேன்லி ஆலை நின்ற நிலத்தில் இன்று வணிகப் பூங்கா. அதன் சாலைகளுக்கு ஹெரால்டு அவென்யூ என்றும் டாலமைட் அவென்யூ என்றும் பெயர். உலை இருந்த இடத்தில் ஊர்தி நிறுத்துமிடம். அச்சு முழங்கிய இடத்தில் கண்ணாடிக் கதவு. விசில் ஒலிக்க ஆயிரமாயிரம் மிதிவண்டிகள் வெள்ளமாய்ப் பாய்ந்த வாயிலில் அடையாள அட்டைக்குத் திறக்கும் தடுப்புக்கோல். செய்தவை போய்ப் பெயர் எஞ்சிற்று. அப்பெயர்ப் பலகையைக் கடந்து நாள்தோறும் பணிக்குச் செல்வோரில், அப்பெயர் ஒருகாலத்தில் ஓடிற்று என்று அறிவார் சிலர். அதன் மூடியைத் திறந்து பார்த்தார் அதனினும் சிலர். மன்னர் போனபின் மதில் எஞ்சுவது உண்டு. இங்கே மதிலும் போய்ப் பெயரே எஞ்சிற்று.

இக்காலத்தைப் பழிப்பது முறையன்று. இன்றைய ஊர்தி புகை குறைந்தது. விபத்தில் உயிர் காப்பது. விடியற்காலைக் குளிரில் தயங்காமல் எழுவது. அன்றைய ஊர்தியில் மோதுண்டு மாய்ந்தோரை எண்ணுபவர், அக்காலம் பொற்காலம் என்று கூசாமல் கூறார். ஆயினும் பெற்றதைக் கூறும் வாயே இழந்ததையும் கூற வேண்டும். மூடியைத் திறந்தால் இன்று தோன்றுவது மற்றொரு மூடி. அதன்கீழ் முத்திரையிட்ட பெட்டி. பெட்டிக்குள் உடையவன் படிக்கலாகாத எழுத்து. பழுதென்றால் மாற்று; பார்க்காதே, தொடாதே, மாற்று. ஊர்தி அறிவு பெற்றது. உடையவன் அறிவு இழந்தான். பணம் கொடுத்து வாங்கியவனே தன் பொருளுக்கு அயலானான். கை எட்டாத பொருளிடம் கைக்கு வேலை இல்லை. வேலையற்ற கை கற்பதில்லை. கல்லாத கை, ஓய்ந்தோம் என்பதையும் அறியாமலே ஓய்ந்தது. இது ஓர் ஊரின் இழப்பன்று, ஒரு தொழிலின் இழப்பன்று. தான் பயன்கொள்ளும் பொருளைத் தானே காக்க வல்லவன் என்னும் நிமிர்வு மனிதனிடமிருந்து சிறுகச் சிறுக நழுவிய காலத்தின் இழப்பு.

இறுதியில் என் கையும் ஓய்ந்தது. விரற்கணுக்கள் வீங்கின, திருகுசாவி நழுவிற்று, முழங்கால் குளிர்ந்த தரையில் இறங்க மறுத்தது, இறங்கினால் எழ மறுத்தது. பணி பாதியில் நின்றது. எந்திரம் முடிந்தது, மேற்கூரை முடியவில்லை. இரும்புப் பெட்டிகள் முடிந்தன. பின்புறக் குறுக்குவில்லின் புதுத்தாங்கல் முடியவில்லை. ஓட்டுநர் இருக்கை புதுப்பிக்கப்பட்டது. அருகிருக்கை பழைய கிழிசலோடு நின்றது. செப்பமுற்ற பாதியும் செப்பமுறாத பாதியும் ஓருடலில் நிற்க, எங்கே கை ஓய்ந்தது என்பதை எவரும் சுட்டிக் காட்டலாம். முற்றுப்பெற்ற பணி தன்னைச் செய்தவனை மறைத்துவிடும். முற்றுப்பெறாத பணியில்தான் அவன் நின்ற இடம் தெரியும். ஓயாத கையிடம் அதை ஒப்படைப்பதே காத்தவன் கடன் என்று நெஞ்சம் தேறிற்று, விலை கூறப்பட்டது.

கொள்ள வந்தோர் நல்லோர். மேனியின் ஒளியைக் கண்டு வியந்தனர்; ஆண்டைக் கேட்டனர்; இதுபோல் எத்தனை எஞ்சின என்று கேட்டனர்; வருங்காலத்தில் விலை ஏறுமா என்று கேட்டனர். ட்ரனியனுக்கு என்ன ஊட்டினீர் என்று கேட்டவர் ஒருவரும் இலர். கீழே படுத்து, பற்றவைத்த கோட்டின்மேல் விரலோட்டிப் பார்த்தவர் ஒருவரும் இலர். கொண்டவர், அதைக் காப்பதில் எக்குறையும் வையாதவர். ஈரம் புகாத அறை, தூசு படியாத உறை, வாடாத மின்கலம், எஞ்சிய பாதிப் பணிக்குக் கூலி பெறும் பணிமனை என எல்லாம் அவரிடம் உண்டு. இனி மழை அதன்மேல் பெய்யாது, உப்பு அதனைத் தின்னாது, வெயில் அதன் வண்ணத்தை உண்ணாது. ஏற்றுவண்டியின் மேலேறி அது தெருவைக் கடந்தபோது அதன் எந்திரம் உறங்கிற்று. பிறந்த ஊரின் எல்லையைத் தன் சக்கரத்தால் கடக்காமல், பிறிதொன்றின் முதுகில் சுமக்கப்பட்டுக் கடந்தது.

ஊர்தியே, நீ சென்ற இடத்தில் நலம் பெறுக. உன்னை வரைந்த கை டூரினில் ஓய்ந்தது. உன்னைப் பூட்டிய கைகள் கேன்லியில் ஓய்ந்தன. உன் உடன்பிறப்பைக் காத்த கைகள் வண்டலூரில் ஓய்ந்தன. உன்னைக் கற்பித்த கை மண்ணில் ஓய்ந்தது. உன்னைக் காத்த கை இங்கே ஓய்ந்தது. இத்தனை கை ஓய்ந்த பின்னும் நீ ஓயாமல் இருக்கிறாய். உன்மேல் விரல் வைப்பவன் எவனாயினும், அவன் பெயர் அறியாத ஐவரின் வெப்பத்தை உன் உலோகத்தில் தொடுவான். தொட்டதை அறிவானோ, அறியானோ. சிவந்த உன் மேனியைக் காட்டி விலை சொல்வார் பலர். திறந்து நிற்கும் உன் பானட்டின் முன் குனிந்து உன் மொழி கேட்பார் எவர்? நீ பேசும் ஒலிக்குப் பொருள் கூற வல்லார் குறைந்த நாட்டில், நீ நீடு வாழ்க என்று வாழ்த்துவதும் வாழ்த்தாகுமோ?

சான்றாக நின்றீர், இதையும் கேட்டுச் செல்லுங்கள். பொருளைக் காக்க உறையுண்டு, அறையுண்டு, அருங்காட்சியகம் உண்டு. கையைக் காக்க இவற்றுள் ஒன்றும் உதவாது. ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்வதன்றி அவ்வறிவுக்கு வேறு உயிர் இல்லை. தறியிலிருந்து கடிகாரத்துக்கும், கடிகாரத்திலிருந்து மிதிவண்டிக்கும், மிதிவண்டியிலிருந்து ஊர்திக்கும் ஒரு நகரம் கைவிடாமல் ஏந்திவந்த ஒன்று, எம் தலைமுறையில், ஏந்துவார் இன்றி நின்றது. அழிந்ததை மீண்டும் கட்டலாம் என்பதை அப்பேராலயத்தின் அருகே எழுந்த பேராலயம் கூறும். மறக்கப்பட்டதை மீண்டும் கட்ட வழி கூறுவார் எவரும் இலர். ஆதலால் விலைபோன ஊர்திக்கு அழ வேண்டா. மூடிய ஆலைக்கும் அழ வேண்டா. மூப்பெய்திய இக்கைக்கும் அழ வேண்டா, மூப்பு எக்கைக்கும் உரியது. கற்பிக்க நின்றும், கற்க எவரும் வாராமையால் ஓய்ந்த கைக்கு அழுங்கள்.